இடப்பக்க ஸ்பீக்கர்

கண்ணாடிக் கடையிலிருந்து,
செவ்வாய், மதிய இடைவேளை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

நீங்கள் இங்கிருந்து மகன் வீட்டுக்குப் போன இந்த ஆறு வருஷமாக உங்கள் நண்பர், என் வீட்டுக்காரர்தான் உங்களுக்குக் கடிதம் எழுதுவார். கடைசியில் நான் ஒரு வரி சேர்ப்பேன், அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும் என்று. இந்த முறை முழுக் கடிதமும் நானே, அதுவும் அவருக்குத் தெரியாமல். போனில் பேசலாம்தான். வீட்டில் பேசினால் அவர் இருப்பார், கடையில் பேசினால் முதலாளி இருப்பார். அதனால் கண் பரிசோதனைச் சீட்டுகளுக்கு நடுவே இந்தத் தாளை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன வாரம் அவர் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டவளே நான்தான். என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாமல் போட்டேன். அன்று மாலை, பெரிய காரியம் செய்தவர் மாதிரி அவரே சொன்னார். "உனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, இனிமே இந்த மாதிரி வேலையெல்லாம் தொடாதேன்னு எழுதிட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. நாற்பது வருஷம் கைக்கடிகாரத்துக்குள் மயிரிழை ஸ்பிரிங் மாற்றிய உங்களுக்கு எழுதுகிற எழுத்தா அது? இப்படியும் ஒருத்தருக்குப் புத்தி போகுமா என்று கேட்டேன். அவர் ஸ்பீக்கரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். வரத்தான் வேண்டும். ஆனால் இங்கே என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அண்ணா.

உங்களுக்குத் தெரியாததா, டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கிக்கொண்டு இசைத்தட்டின் மேல் போகிற அந்தக் கையை அவர் டோன்ஆர்ம் என்பார். நான் கை என்பேன். இப்போது வீட்டில் இரண்டு கைகள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் உள்கம்பிகளை மாற்றிப் பார்சலில் அனுப்பியது, வளைந்தது, குட்டையானது. இன்னொன்று ஆடியோ கடைக்காரர் ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனது, நீளமானது, நேரானது. முன்னதற்குக் குட்டை என்றும் பின்னதற்கு நெட்டை என்றும் பேர் வைத்துவிட்டேன். குட்டை ஒழுங்கான பிள்ளை, வைத்த இடத்தில் இருக்கும். நெட்டை ஒரே ஒரு முனையில் எண்ணெய்க்குள் நின்றுகொண்டு ஆடும். தொட்டால் ஒரு பக்கம், விட்டால் ஒரு பக்கம். புது மாப்பிள்ளை மாதிரி அதன் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டில் எது நல்லது என்று பார்க்க உட்கார்ந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றுவதில்லை. ஊசியின் பாரத்தைக் குட்டித் தராசில் நிறுக்கிறார். நூலில் தொங்கும் குண்டுமணி அளவு எடையை ஒரு கோடு முன்னால் நகர்த்துகிறார், பின்னால் நகர்த்துகிறார். வைக்கிற இசைத்தட்டும் எப்போதும் அந்த ஒன்றுதான், அக்காவும் தம்பியும் வயலின் வாசிப்பது. இடப்பக்க ஸ்பீக்கரில் அக்கா, வலப்பக்கத்தில் தம்பி. தம்பி கணீரென்று வாசிக்கிறானாம், அக்கா மட்டும் போர்வைக்குள் உட்கார்ந்து வாசிக்கிறாளாம். நெட்டையில் வைத்தபோது, கை இடப்பக்கம் சாய்கிறது, அதனால்தான் என்றார். குட்டையைப் பொருத்தினார். அதிலும் அக்கா போர்வைக்குள்தான். அப்படியானால் நீங்கள் உள்ளே கம்பி பற்றவைத்ததில் கோளாறு என்று முடிவு கட்டி, உடனே கடிதம் எழுதிவிட்டார்.

என்னையும் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். கடையில் நான் வருகிறவர்களிடம் கேட்பதையே என்னிடம் கேட்டார், இதுவா, அதுவா, எது தெளிவு என்று. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அக்கா நன்றாகத்தான் வாசிக்கிறாள் என்று சொன்னேன். "உனக்குக் கண்ணு இருக்கு, காது இல்ல" என்று எழுப்பி விட்டுவிட்டார்.

அவரை மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாள் பதில் எழுதாமல் இருங்கள். நீங்கள் ஒன்று எழுதி, அவர் ஒன்பது எழுதி, எல்லாம் கெட்டுப்போக வேண்டாம். எனக்கு ஏதாவது எழுத வேண்டுமானால் கடை முகவரிக்கே அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. அவருடைய முட்டிவலி எப்படி இருக்கிறது?

உங்கள் தங்கை

*

கடையிலிருந்து,
வெள்ளி

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்து நாள் கழித்து உங்கள் பதில் வந்தது. நான்கே வரி. அவன் மன்னிப்புக் கேட்கட்டும், அதன் பிறகு பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது, ஒரு சுழி பிசகவில்லை. உங்கள் கை நடுங்கவில்லை என்று எனக்குக் காட்டுவதற்காகவே அப்படி எழுதினீர்களோ என்று நினைத்தேன். எனக்குக் காட்ட வேண்டியதில்லை அண்ணா. நான் எப்போதும் நம்புகிறவள்தான்.

இங்கே நிலைமை முற்றிவிட்டது. உங்கள் கம்பியைச் சோதிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இடப்பக்கத்துக் கம்பியை வலப்பக்கமும், வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றிச் செருகினார். கோளாறு கையில் இருந்தால் போர்வையும் அக்காவோடு வலப்பக்கம் போக வேண்டுமாம். போகவில்லை. இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து இப்போது தம்பி வந்தான், அவன்தான் போர்வைக்குள் போனான். அக்கா வலப்பக்கம் வந்து கணீரென்று வாசித்தாள். நானாக இருந்தால் அந்த நிமிஷமே உங்களுக்குத் தந்தி அடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவரோ, அப்படியானால் ஸ்பீக்கர் என்றார். இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினார். அப்போதும் இடப்பக்கம்தான். அப்படியானால் அறை என்றார்.

அறையில் இடப்பக்கச் சுவரோரம் இரும்பு பீரோ நிற்கிறதல்லவா, அதுதான் சத்தத்தை விழுங்குகிறதாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அசையாத பீரோ. ஞாயிறு முழுக்க நானும் அவரும் அதைத் தள்ளினோம். கதவருகில் மாட்டிக்கொண்டது. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் பீரோ. அந்தப் பக்கத்திலிருந்து நான் கத்துகிறேன், கொஞ்சம் தூக்குங்கள், காலில் இடிக்கிறது என்று. அவர் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஏன் நிறுத்தவில்லை என்று அழுதுகொண்டே கேட்டால், நீ சொல்லவே இல்லையே என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

பீரோ போன பிறகும் போர்வை போகவில்லை.

அண்ணா, நேற்றுக் கடைக்கு ஒருவர் வந்தார். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் தண்ணீர் பம்பு நிலையத்து எலெக்ட்ரீஷியன், படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர். அளவு பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். பம்புக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இவர் ஒரு இரும்புக் கம்பியின் ஒரு நுனியைப் பம்பிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக் கேட்பாரே, முப்பது வருஷமாக இடக்காதில்தான் வைப்பாராம். அங்கே எல்லோருக்கும் தெரியுமாம். "இப்ப கொஞ்ச மாசமா வலது காதுல வைக்கறாரு அக்கா, ஸ்டைலை மாத்திட்டீங்களான்னு கிண்டல் பண்ணினோம், அடிக்க வந்துட்டாரு" என்றார்.

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் போன பிறகு கை ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு வலக்கண் லென்ஸை இடப்பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். இருபது வருஷத்தில் நான் செய்யாத தப்பு. அவர் வாசல் படியில் தடுமாறித் திரும்பி வந்தார். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. சாப்பாட்டு மேசையில் அவர் தன் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டது. தெருவில் நடக்கும்போது, நான் எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு சுற்று சுற்றி எனக்கு இடப்பக்கம் வந்துவிடுவது. வண்டிகளிடமிருந்து என்னைக் காக்கிறார் என்று நினைத்து, வயசான காலத்தில் என்ன கரிசனம் என்று உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன். பைத்தியக்காரி. என்னை அவருடைய வலக்காதுப் பக்கம் வைத்துக்கொள்ளத்தான் சுற்றியிருக்கிறார். அது அவருக்கே தெரியுமா, கால் தானாகச் சுற்றுகிறதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கடைக்கு மேல்மாடியில் காது மூக்கு டாக்டர் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று பொய் சொல்லிக் கேட்டேன். இரண்டு காதும் மெல்ல மெல்லக் குறைந்தால் அது வயது, ஒரு காது மட்டும் சில மாதத்தில் இப்படி என்றால் சும்மா விடக்கூடாது என்றார். வெறும் அழுக்கடைப்பாகவும் இருக்கலாமாம், உள்ளே நரம்பாகவும் இருக்கலாமாம். பார்க்காமல் சொல்ல முடியாது, தள்ளிப் போடாதீர்கள், நாளைக்கே கூட்டி வாருங்கள் என்றார். நாளைக்கே! நான் யாரைக் கூட்டிப் போவது? கோளாறு பீரோவில் இருக்கிறது என்று நம்புகிற மனிதரையா?

நேற்று மாலை வாயைத் திறந்து பார்த்தேன். ஒருவேளை உங்களுக்கே காதில் ஏதாவது அடைத்திருக்குமோ என்று, பேச்சுவாக்கில் சொல்வதுபோலக் கேட்டேன். என்னை அப்படிப் பார்த்தார். "காதுதான் எனக்குப் படிப்பு" என்றார். உங்களுக்குத் தெரியும், பத்தாம் வகுப்பு முடிக்காதவரிடம் அந்தப் பம்பு நிலையத்தில் எஞ்சினியர்களே வந்து யோசனை கேட்பது அந்தக் காதுக்காகத்தான். இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி. காது போய்விட்டது என்று தெரிந்தால் கோப்பு அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். வந்ததும் நெட்டையைக் கழற்றினார், குட்டையைப் பொருத்தினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை அண்ணா. அவர் அந்தத் திருகாணிகளைத் திருகிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு நாளும் போகிறது. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

வீட்டிலிருந்து,
திங்கள் காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்காமல் எழுதுகிறேன். இந்த முறை அவருக்குத் தெரிந்தே எழுதுகிறேன், பாதிக் கடிதம் மட்டும். மீதிப் பாதி அவர் குளிக்கப் போன நேரத்தில்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போய்க் காய் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது, உள்ளே வயலின் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அவருடைய நாற்காலியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரையில் நான்கு கால்களுக்கும் டேப் ஒட்டி, ஒரு விரல் அளவு நகர்ந்தாலும் சத்தம் போடுகிற நாற்காலி. அதை அப்படியே திருப்பிப் போட்டிருந்தார். ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. வலது உள்ளங்கையால் வலக்காதை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். கையை எடுத்தார். பிறகு இடக்காதை மூடினார். மறுபடியும் வலக்காது.

அண்ணா, இருபது வருஷமாக என் எதிரில் உட்கார்ந்து மனிதர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் எழுத்துகளைப் படிக்கிறார்கள். நல்ல கண்ணை மூடியதும் முகம் ஒரு மாதிரி ஆகும். சிலர் உடனே சிரித்து மழுப்புவார்கள். சிலர் முன்பே பார்த்து வைத்த எழுத்துகளை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். எனக்குத் தெரிந்துவிடும், தெரிந்தும் விட்டுவிடுவேன், கொஞ்ச நேரம். அந்த முகத்தை நேற்று என் வீட்டில் பார்த்தேன்.

இசைத்தட்டின் அந்தப் பக்கம் முடிந்து ஊசி கடைசிக் கோட்டில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. ஊசி தேயும் என்று அரை நிமிஷம்கூட விடாதவர் எழுந்திருக்கவே இல்லை. நான் காய்ப் பையோடு வாசலுக்குப் போனேன், செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன், கதவை மெல்லச் சாத்திவிட்டுத் தட்டித் திறந்தேன். உள்ளே வந்தபோது நாற்காலி டேப் மேல் சரியாக இருந்தது. அவர் டர்ன்டேபிள் கையை அதன் தாங்கியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சரியாயிடுச்சு" என்றார். போர்வை போய்விட்டதா என்று கேட்டேன். போய்விட்டது, எல்லாம் அந்தப் பீரோதான் என்றார். எனக்கும் நன்றாகக் கேட்கிறது என்றேன். ஓடாத இசைத்தட்டு நன்றாகக் கேட்கிறதாம்! அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு இரண்டு கைகளையும் துடைத்து, இரண்டையும் பெட்டியில் வைத்தார். எது நல்லது என்று முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டேன். உங்களுடையது என்றார். அப்படியானால் ஏன் பெட்டியில் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "நல்லதை நல்லாக் கேக்கறவன் வச்சிக்கட்டும்" என்றார். டர்ன்டேபிள் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். வீடு இப்போது அமைதியாக இருக்கிறது. இத்தனை நாளும் எப்போது இந்தச் சத்தம் நிற்கும் என்று புலம்பினவள், இப்போது அந்தத் துணியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல அலைந்துகொண்டிருக்கிறேன்.

இன்று காலை காகிதம் எடுத்து வரச் சொன்னார். தான் சொல்லச் சொல்ல எழுது என்றார். உங்களுக்குத் தன் கையால் எழுதாமல் என்னை எழுதச் சொல்வது இதுவே முதல் முறை. அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கீழே தருகிறேன்.

நீ அனுப்பிய கையில் ஒரு குறையும் இல்லை. கம்பி பற்றவைத்தது முதல் தரமான வேலை. உன் கை நடுங்கவில்லை.

இதற்கு மேல் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான், அவனுக்குப் புரியும் என்றார். கையைப் பார்சல் கட்டி இந்த வாரமே அனுப்பிவிடச் சொன்னார். நான் இடப்பக்கம் நின்றிருந்தேன். சரி என்று சொன்னேன். கேட்கவில்லை. மேசையைச் சுற்றி வலப்பக்கம் வந்து இன்னொரு முறை சரி என்றேன்.

இப்போது குளியலறையில் தண்ணீர் சத்தம் கேட்கிறது. எனக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது.

அண்ணா, நான் பார்சல் கட்டப் போவதில்லை. நீங்கள் நேரில் வாருங்கள். தபாலில் அனுப்பினால் உடைந்துவிடும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவருக்கு ஒரு கார்டு போடுங்கள். ஒரு நாள் பயணம்தான், அண்ணியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வந்த பிறகு எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டும். உங்களுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். மருமகள் பேசுவது காதில் விழவில்லை, வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, டாக்டரிடம் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாடா என்று கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டால் வரமாட்டார், டாக்டரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாலும் வரமாட்டார். உங்களுக்கு ஒன்று என்றால் செருப்பு மாட்டக்கூட நேரம் எடுக்க மாட்டார். உங்களைத் திட்டிக் கடிதம் எழுதிய அன்றுகூட, அவனுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் நமக்கு யார் சொல்வார்கள் என்று சாப்பிடும்போது கேட்டவர் அவர். மேல்மாடி டாக்டரிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். முதலில் உங்கள் காதைப் பார்ப்பார். பிறகு, வந்ததுதான் வந்தீர்கள், உங்களுடையதையும் பார்த்துவிடலாம் என்று இவரிடம் சொல்வார்.

கை நன்றாக இருக்கும் மனிதரிடம் காது போய்விட்டது என்று சொல்லச் சொல்கிறேன். அவர் உங்கள் கையைப் பற்றிச் சொன்னதற்கு இது பெரிய தண்டனைதான், அதுவும் உங்களுக்கே. செய்வீர்களா அண்ணா? எனக்கு வேறு ஆள் இல்லை.

தண்ணீர் சத்தம் நின்றுவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. நீங்கள் வந்ததும் அவர் குட்டையைப் பொருத்தி, அக்காவையும் தம்பியையும் போட்டுக் காட்டுவார், எனக்குத் தெரியும். அப்போது எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்க வேண்டாம். வழக்கமாக நீங்கள் உட்காரும் இடப்பக்க நாற்காலியை நான் சமையலறைக்குக் கொண்டுபோய் விடுகிறேன். அவருக்கு வலப்பக்கம் உட்காருங்கள்.

நீங்களும் அண்ணியும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் தங்கை